பேசாமலே கொதிக்கும் பெட்டி

"கையைத் தூக்கு. அசையாதே. தூக்குன்னு சொல்றேன்ல."

அக்காவின் கோட்டை முதுகுப் பக்கம் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இடுப்பு பெல்ட்டோடு சேர்த்துத் தைத்திருந்த துணிப் பைக்குள் தங்கச்சி தராசு கையை விட்டாள். விட்ட வேகத்தில் கை வெளியே வந்தது. விரல்களை உதறினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி விட்டாள். இந்த முறை பேட்டரி வயர் அகப்பட்டது. ஒரே இழுப்பு.

பெட்டியின் ஓரத்தில் இருந்த பச்சை விளக்கு அணைந்தது. முன்னறை முழுக்கச் சூடான பிளாஸ்டிக் வாடை.

"கடத்தல்காரியப் பிடிச்ச மாதிரி நிக்க வெச்சிட்டியேடி," என்றாள் அக்கா, தூக்கிய கைகளை இறக்காமலே.

என்றாள் என்பதுகூட அதிகம். வந்தது வெறும் காற்று. அந்தக் காற்றுக்குள் வார்த்தைகள் இருந்தன. பக்கத்தில் நின்றால் கேட்கும். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தால் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அக்கா ஏலக்காரி. பழைய மேஜை நாற்காலி, அலமாரி, கட்டில் எல்லாம் விலைக்கு வரும் பெரிய ஏலக்கூடத்தில் மேடையில் நின்று ஏலம் விடுகிறவள். அவள் 'ஒரு தரம்' என்றால் தெருமுனையில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிக் கத்திக் கத்தியே தொண்டைக்குள் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்தார்கள். குரலும் கூடவே போய்விட்டது.

அதற்காகத்தான் இந்தப் பெட்டி. தங்கச்சி தன் கையால் செய்தது. அவள் வேலை, கடைகளில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்ப்பது. அதனால் வீட்டில் அவளுக்குத் தராசு என்றே பெயர் நிலைத்துவிட்டது. உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆம்ப்ளிஃபையர், அதன் சூட்டை வாங்கிக்கொள்ள, உடைந்த தராசுத் தட்டிலிருந்து வெட்டிய அலுமினியத் தகடு, ஒரு பேட்டரி. அக்காவின் உதட்டோரம் ஒரு குட்டி மைக். அக்கா கிசுகிசுத்தால், மேடையோரம் வைத்த ஸ்பீக்கர் அதைக் கடைசி வரிசை வரை கொண்டுபோகும்.

நேற்று வரை கொண்டுபோனது. ஏலக்கூடத்தில் ஒத்திகை பார்த்தார்கள். மேனேஜரே கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தலையாட்டினார். ஆனால் அவர் போட்ட நிபந்தனை கறாரானது. இன்று மத்தியான ஏலத்தை முதல் சாமானிலிருந்து கடைசிச் சாமான் வரை அக்கா நிற்காமல் நடத்திக் காட்ட வேண்டும். காட்டினால் மேடை அவளுக்கு. பாதியில் பெட்டி படுத்தால் மேடை உதவி ஏலக்காரருக்கு.

அந்த உதவி ஏலக்காரருக்குக் கூடத்தில் எல்லோரும் வைத்த பெயர் நிழல். அக்காவுக்குப் பின்னால் எப்போதும் ஒட்டி நிற்பவர். சாமான்களைத் தூக்கிக் காட்டுவார், அவற்றில் எண் அட்டை கட்டுவார், அதிகம் பேச மாட்டார். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மேடை ஏறியவர் அவர்தான்.

"சத்தம் போட்டுப் பேசிப் பாத்தியா?" என்று தராசு கேட்டாள்.

"நான் எங்கடி சத்தம் போடறது? வாயே திறக்கல. மாட்டிட்டு நின்னேன். உங்க அத்தான் காப்பி குடுத்தாரு. குடிச்சு முடிக்கறதுக்குள்ள முதுகு சுட்டுது. காப்பிதான் சிந்திடுச்சோன்னு நெனச்சேன்."

தராசு அப்படியே நின்றாள்.

பேசினால் பெட்டி சூடாகலாம். அது நியாயம். உழைத்தால் வியர்க்கத்தானே செய்யும். ஆனால் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், ஸ்பீக்கரில் ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லாமல், சும்மா நிற்கும்போதே கொதித்தால்?

"இது வேற ஏதோ," என்றாள். பயத்தைவிட ஆசைதான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது. அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

"எனக்குக் கழுத்துல கத்தி. உனக்கு மூக்கு வேர்க்குது. நல்லா இருக்கு."

தராசு பெட்டியைப் பையிலிருந்து உருவினாள். பையின் உள்பக்கம் இரண்டு வயர்கள் துணிக்குள் மறைந்து போயின. ஒன்று மைக்குக்கு, ஒன்று ஸ்பீக்கருக்கு. அவற்றைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, பெட்டியை மட்டும் மேஜைக்குக் கொண்டுபோனாள். வேறு மைக், வேறு வயர் மாட்டினாள். ஸ்பீக்கரை இணைத்தாள். பேட்டரியைக் கொடுத்தாள். அலுமினியத் தகட்டில் விரலை வைத்துக் காத்திருந்தாள்.

குளிர்ந்தே இருந்தது.

"ஏதாவது பேசு."

அக்கா மைக்கில் குனிந்தாள். "என் தங்கச்சி ஒரு தரம்... என் தங்கச்சி ரெண்டு தரம்... வாங்க ஆள் இல்ல."

ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது. தகடு லேசாக வெதுவெதுத்தது. அவ்வளவுதான்.

"அப்போ துணிதான்," என்றார் அத்தான், கதவில் சாய்ந்தபடி. அவர் சோபா தைக்கிறவர். பெல்ட்டும் பையும் அவர் கைவேலை. குற்றம் தன் பக்கம் வருமோ என்று முன்கூட்டியே முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். "காத்துப் போக வழி இல்லாமத் தைச்சுட்டேன் போல. நான் சோபா தைக்கிறவன், தராசு. சோபா கொதிக்காது."

"இருங்க அத்தான். துணி மேலே இப்பவே பழி போடாதீங்க."

படுக்கையிலிருந்து கம்பளியை இழுத்து வந்து, மேஜை மேல் இருந்த பெட்டியைக் குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றினாள். அக்காவை நிறுத்தாமல் பேசச் சொன்னாள். அக்கா அத்தானைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். அவர் குறட்டை, அவர் கணக்கு, அவர் அம்மா. பேசித் தீர்ந்ததும் தராசு கம்பளிக்குள் கை விட்டுப் பார்த்தாள்.

சூடு இருந்தது. ஆனால் கை தாங்குகிற சூடு.

"துணி இல்ல," என்றாள்.

"இதைச் சொல்றதுக்கு என் அம்மாவை இழுக்கணுமா?" என்றார் அத்தான்.

பெட்டி, பெல்ட்டின் பழைய வயர்களை மாட்டிக்கொண்டு மறுபடி பைக்குள் போனது. இந்த முறை பையின் மூடியைத் திறந்தே வைத்தாள். பேட்டரி வயரின் நடுவே மல்டிமீட்டரைக் கோத்தாள். பெட்டி எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று அது காட்டும். மேஜை மேல் இருந்தபோது சொட்டுச் சொட்டாகக் குடித்தது. இப்போது சுவிட்சைப் போட்டதும் மீட்டரின் எண் ஒரே தாவலாக ஏறியது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. தகடு விரலடியில் வேகமாகச் சூடேறியது.

அணைத்தாள்.

"திறந்து கிடக்கும்போதே கொதிக்குது. அப்போ காத்தும் காரணமில்ல. மேஜையில நல்ல பிள்ளை, பெல்ட்டுக்குள்ள போனா பேய் பிடிக்குது."

"பக்கிள் இரும்பு," என்றார் அத்தான். "அதுல ஏதாவது பட்டு..."

தராசு மீட்டரை எடுத்து பக்கிளைத் தொட்டுப் பார்த்தாள். எங்கேயும் படவில்லை. மைக் வயரில் அறுப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. ஸ்பீக்கர் வயர் எங்கேயாவது ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டதா? அதுவும் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே சுத்தம். சேர்ந்தால் கொதிப்பு.

வெயில் ஜன்னல் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அக்கா கோட்டின் பொத்தான்களைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். ஏலக்கூடத்துக்குக் கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க அவள் கிண்டல் குறைந்துகொண்டே வந்தது.

"தராசு. முடியலன்னா சொல்லிடு. நான் நிழல்கிட்ட சொல்லி..."

"ஷ்."

தராசு கையை நீட்டி அவளை நிறுத்தினாள். பார்வை அக்கா மேல் இல்லை. அறை மூலையில் இருந்த தையல் கூடையின் மேல் இருந்தது. கூடை காலி.

"துரை எங்கே?"

துரை அந்த வீட்டுப் பூனை. அத்தானின் துணிக்கூடைதான் அதன் சிம்மாசனம். வீடே இடிந்தாலும் அதிலிருந்து இறங்காது.

"சமையலறைப் பக்கம் ஓடிச்சு," என்றார் அத்தான். "காலையில இருந்து ஓடறதும் வர்றதுமாத்தான் இருக்கு. நீ பண்ற அமர்க்களத்துக்கு நானே ஓடிருப்பேன்."

"மேஜையில வெச்சுப் பேசினப்போ? ஸ்பீக்கர்ல அக்கா அவ்வளவு திட்டினாளே?"

அத்தான் யோசித்தார். "அப்போ கூடையிலதான் படுத்திருந்துச்சு. என் அம்மாவைப் பத்திச் சொல்றப்போ கொட்டாவி விட்டுச்சு."

தராசு போய்த் துரையைத் தூக்கி வந்து கூடையில் வைத்தாள். அது காதை ஒருமுறை நக்கிக்கொண்டு சுருண்டது. அவள் திரும்பி வந்து, அக்காவின் இடுப்பில் இருந்த பெட்டியின் சுவிட்சைப் போட்டாள்.

சத்தமில்லை. ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

பூனை விருட்டென்று தலையைத் தூக்கியது. காதுகள் தட்டையாகிப் பின்னால் போயின. கூடையைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து ஓடியது.

அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் கதவோரம் ஒரு மீசை எட்டிப் பார்த்தது. மெல்ல வந்து கூடையில் ஏறியது. போட்டாள். ஓடியது.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேய்தானாடி?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

"ரேடியோ," என்றாள் தராசு. "சமையலறை ரேடியோவை எடுத்துட்டு வாங்க அத்தான். பழசு. முள்ளு நகரும் பாருங்க, அது."

ரேடியோ வந்தது. எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, வெறும் இரைச்சலை மட்டும் ஓடவிட்டு, பெல்ட்டின் பக்கத்தில் பிடித்தாள். சுவிட்சைப் போட்டாள்.

ரேடியோ வீறிட்டது. அணைத்தால் வெறும் இரைச்சல். போட்டால் வீறல்.

தராசின் முகம் மலர்ந்த மலர்ச்சியில் அக்காவுக்கு எரிச்சலே வந்தது.

"பெட்டி சும்மா இல்லக்கா. கத்திட்டிருக்கு. உயிரு போற மாதிரிக் கத்துது. நம்ம காதுக்கு எட்டாத உசரத்துல கத்துது. துரை காதுக்கு எட்டுது. பூனைக்கு நம்மளவிட ரொம்ப மேல கேக்கும். அந்தக் கத்தலுக்குத்தான் அவ்வளவு கரண்டும். அந்தக் கரண்டுதான் சூடு."

"நான் பேசாதப்போ அது ஏன் கத்துது?"

"ஸ்பீக்கர் முன்னால மைக்கைக் கொண்டுபோனா ஊளையிடும், பாத்திருக்கேல்ல? ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ள போகும். பெருசாகி ஸ்பீக்கர்ல வரும். திரும்ப மைக்குக்குள்ள போகும். விட்டா நிக்காது. அதே கூத்துதான் இது. அங்க காத்து வழியா நடக்குது. இங்க வயருக்கு வயர் தாவுது. உள்ள போற மைக் வயரும் வெளிய வர்ற ஸ்பீக்கர் வயரும் ஒண்ணையொண்ணு கட்டிப் பிடிச்சுட்டு நீளமா ஓடினா..."

வாக்கியத்தை முடிக்காமலே நிறுத்தினாள். பெட்டியைச் செய்தபோது இதற்கு அவள் பயந்திருந்தாள். அதனால்தான் மைக் வயர் இடது பக்க மடிப்பிலும் ஸ்பீக்கர் வயர் வலது பக்க மடிப்பிலும் போகட்டும் என்று அத்தானிடம் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தாள்.

காலையிலிருந்து அவள் பெட்டியைத்தான் பார்த்தாள். பெல்ட்டை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தன் கையால் செய்தது பெட்டி. அப்போது குற்றமும் அதற்குள்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

இப்போது அக்காவின் இடுப்பைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டு போனாள். வலது பக்க மடிப்பு தட்டையாக இருந்தது. வெறும் துணி. இடது பக்க மடிப்பு புடைத்திருந்தது. உள்ளே இரண்டு வயர்கள்.

"அத்தான்."

"நான் ரெண்டு பக்கமாத்தான் தைச்சேன். சத்தியமா," என்றார் அத்தான் அவசரமாக. "இன்னிக்குக் காலையில ஸ்பீக்கர் பிளக்கு இடது பக்கம் இருந்துச்சு. நீதான் மாத்தச் சொல்லி இவளே பிரிச்சுத் தைச்சிருப்பான்னு நெனச்சேன்."

"நானா?" என்றாள் அக்கா. "ஊசியில நூல் கோக்கவே உங்களத்தான் கூப்பிடுவேன். நான் நீங்க மாத்தினீங்கன்னு நெனச்சேன். கைக்கு வசதியாத்தான் இருந்துச்சு, கேக்கல."

தராசு பெல்ட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அத்தானின் தையல் மெஷின் தையல். நெருக்கமாக, சாம்பல் நிற நூலில் ஓடியது. இடது மடிப்பில் மட்டும் அதன் மேல் கைத்தையல். மெழுகு பூசிய முரட்டுப் பச்சை நூல். ஓரத்தில் இரட்டை முடிச்சு.

அக்கா பக்கத்தில் வந்தாள். கையை நீட்டி முடிச்சைத் தொட்டாள்.

"இது எங்க கூடத்து நூல்," என்றாள். "சாமான்ல அட்டை கட்டறது இதுலதான். தொங்குற எதையும் தைச்சுடணும்னு அங்க ஒரு சட்டம். பெல்ட்டை நேத்து ஒத்திகை முடிஞ்சு ஆபீஸ் அறை ஆணியில மாட்டிட்டு வந்தேன். காலையில போய் எடுத்துட்டு வந்தேன்."

"அங்க இந்த ஊசி யார் கையில இருக்கும்?"

அக்கா முடிச்சிலிருந்து கையை எடுத்தாள்.

"நிழல்கிட்ட," என்றாள் அக்கா.

அத்தான் தையல் மெஷினில் உட்கார்ந்து ஸ்பீக்கர் வயரை மறுபடி வலது மடிப்புக்குக் கொண்டுபோய்த் தைத்தார். மிதியில் கோபம் தெரிந்தது. சுவிட்சைப் போட்டார்கள். மீட்டர் அசையவில்லை. தகடு குளிர்ந்து கிடந்தது. ரேடியோவில் வெறும் இரைச்சல். கூடையில் துரை புரண்டு படுத்து வயிற்றைக் காட்டியது.

பிரித்தெடுத்த பச்சை நூலைத் தராசு சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஏலக்கூடத்தில் அலமாரிகள் வரிசையாகச் சுவரோரம் நின்றன. கவிழ்த்த நாற்காலிகள் கால்களை மேலே நீட்டிக்கொண்டிருந்தன. நிலைக்கண்ணாடிகளில் கூட்டம் இரண்டு மடங்காகத் தெரிந்தது. ஒவ்வொரு சாமானிலும் ஒரு அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் அதே பச்சை நூல், அதே இரட்டை முடிச்சு.

மேடைக்குப் பின்னால், மூன்று கதவு அலமாரி ஒன்றின் மறைவில், ஸ்பீக்கர் வயரை இழுத்துக்கொண்டு வந்த தராசின் கால் ஒரு நீல வாளியில் இடித்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர், பினாயில் வாசம்.

"கூரை ஒழுகுதா?" என்று கேட்டாள்.

"தெரியலடி. நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால இங்க வாளி கிடையாது," என்றாள் அக்கா.

தராசு அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஓர் ஈரத் தடம்கூட இல்லை. அதைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை. அலமாரி ஓரத்தில் நிழல் நின்றிருந்தார்.

ஒல்லியான மனிதர். முகம் வெளுத்திருந்தது. கைகளைக் கால்சட்டையில் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு என்று தராசு முடிவு கட்டினாள்.

"பெட்டி தாங்குமா, தங்கச்சி?" என்றார்.

"தாங்கும். நீங்க கவலப்படாதீங்க."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும். உங்களுக்கு இன்னிக்கு வேலை இருக்காது."

அவர் கையைத் துடைப்பதை நிறுத்தினார். பார்வை அக்காவின் வலது இடுப்புக்குப் போனது. அங்கே கோட்டுக்கு அடியிலிருந்து ஸ்பீக்கர் வயர் இறங்கியது. அவர் நெற்றி சுருங்கியது.

"அக்கா, இந்த வயரு..."

மேனேஜர் மணியை அடித்தார். அக்கா மேடை ஏறிவிட்டாள்.

முதல் சாமான் ஒரு எழுது மேஜை. அக்கா சுத்தியலைக் கையில் எடுத்து, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு உதட்டை அசைத்தாள்.

"நல்ல தேக்கு. அஞ்சு டிராயர். ஒண்ணுல பூட்டு இருக்கு, சாவி இல்ல. உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கும் தெரியாது."

கத்தி விட்ட ஏலத்தைக் கேட்டுப் பழகிய கூட்டம் அது. இப்போது அந்தக் கிசுகிசுப்பு ஸ்பீக்கரில் பெரிதாகி, ஒவ்வொருவர் காதிலும் தனியாக ரகசியம் சொல்வதுபோல வந்தது. கசகசவென்ற பேச்சு அடங்கியது. கடைசி வரிசையில் ஒருவர் முன்னால் சாய்ந்தார். மேஜை எதிர்பார்த்ததைவிட மேலே போனது.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

தராசு மேடைப் படியோரம் நின்று, பெட்டி மேல் ஒரு கண்ணும் நிழல் மேல் ஒரு கண்ணுமாக இருந்தாள். சாமான் மாறும்போதெல்லாம், சரிபார்ப்பதுபோலக் கோட்டுக்குள் கை விட்டுத் தகட்டைத் தொட்டாள். வெதுவெதுப்பு. அதே வெதுவெதுப்பு. கட்டில் போனது, அலமாரிகள் போயின, நாற்காலிக் கூட்டம் மொத்தமாகப் போனது.

அக்காவுக்குச் சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான். பழைய நடை வந்துவிட்டது. மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போனாள். கை நீண்ட பக்கமெல்லாம் திரும்பினாள். சுத்தியல் பழையபடி தலைக்கு மேல் போய் இறங்க ஆரம்பித்தது.

ஒரு தடவை இறங்கியபோது வலது மணிக்கட்டில் வயர் சுற்றிக்கொண்டது. அக்கா உதறினாள். விட்டது. கூட்டம் கவனிக்கவில்லை. தராசு ஒரு படி மேலே ஏறினாள்.

அடுத்த தடவை சுத்தியலின் பிடியே வயருக்குள் நுழைந்தது. பிளக் பாதி வெளியே வந்து ஸ்பீக்கர் கரகரத்தது. மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா இடது கையால் தடவிப் பிளக்கை அழுத்திவிட்டுத் தொடர்ந்தாள். இன்னொரு இழுப்பு போதும். குரல் அறுந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் நிழல் அசைந்தார்.

அலமாரி ஓரத்திலிருந்து இரண்டே எட்டில் மேடைக்கு வந்து, அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றார். கை நீண்டது. நேராக வயரை நோக்கி.

தராசு படியில் பாய்ந்தாள். இடையில் ஒரு ஸ்டூல் உருண்டது. பிடுங்கப்போகிறான், எல்லோர் கண்ணெதிரிலும் பிடுங்கப்போகிறான். அவள் வாய் திறந்தாள்.

நிழல் பிடுங்கவில்லை. வயரை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி, அக்காவின் கையிலிருந்து விலக்கித் தன் பக்கம் பிடித்துக்கொண்டார். அக்கா இடது பக்கம் போனால் அவரும் போனார். வந்தால் வந்தார். சுத்தியல் ஓங்கியபோதெல்லாம் வயர் தானே விலகி வழிவிட்டது. அவர் கண்கள் கூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவின் முழங்கையையும் தன் விரல்களையும் தவிர அவருக்கு உலகத்தில் எதுவும் இல்லை.

தராசு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கடைசிச் சாமான் ஆளுயர நிலைக்கண்ணாடி. "ஒரு தரம்," என்றாள் அக்கா. "ரெண்டு தரம்." நிறுத்தினாள். கூட்டம் மூச்சுவிடவில்லை. "மூணு தரம்."

சுத்தியல் விழுந்தது. மேனேஜர் எழுந்து வந்தார். மேடைக்கு ஏறாமல் கீழேயிருந்தே சொன்னார்: "அடுத்த ஏலத்துக்கு நேரத்தோட வந்துடுங்க. அந்தக் கண்ணாடிக்கு இந்த விலை நான் எதிர்பார்க்கல."

அக்கா தலையசைத்தாள். பேச்சு வரவில்லை. இந்த முறை காரணம் தொண்டை இல்லை. அத்தான் கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

நிழல் வயரை விட்டுவிட்டு அலமாரி மறைவுக்குப் போனார். தராசு பின்னாலேயே போனாள். சட்டைப் பையிலிருந்து பச்சை நூலை எடுத்து அவர் முன் நீட்டினாள்.

"இது உங்களோடதுதானே?"

"ஆமா," என்றார், ஒளிவுமறைவு இல்லாமல். "நான்தான் தைச்சேன். நேத்து ஒத்திகையில சுத்தியல ஓங்குறப்ப வயரு ரெண்டு தடவை கையில சிக்குச்சு. நீங்க யாரும் பாக்கல. அதான் அந்தப் பக்கமா மாத்தித் தைச்சேன். ஏன், தப்பா?"

"பெட்டி எரிஞ்சிருக்கும். ரெண்டு வயரையும் ஒண்ணாச் சேர்த்தா கொதிக்கும்."

அவர் முகம் இன்னும் வெளுத்தது. "ஐயோ. தொங்குச்சு, தைச்சேன். வேற ஒண்ணும் தெரியாது தங்கச்சி."

"சொல்லிட்டுப் பண்ணியிருக்கலாமே."

"சொன்னா ஏன் இவ்வளவு அக்கறைன்னு கேப்பீங்க."

"இப்போ கேக்கறேன்," என்றாள் தராசு. "அக்கா இன்னிக்குத் தடுமாறினா மேடை உங்களுக்கு. அது உங்களுக்குத் தெரியும். சும்மா நின்னு பாத்திருந்தாலே போதும். ஏன் ஓடி வந்து பிடிச்சீங்க?"

நிழல் மேடைப் பக்கம் பார்த்தார். அங்கே அக்காவிடம் அத்தான் ஏதோ சொல்ல, அவள் சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் குனிந்து அந்த நீல வாளியை எடுத்தார். அதன் தண்ணீரை ஜன்னல் வழியே வெளியே கொட்டினார். இனி தேவையில்லை என்பதுபோல அதைக் கவிழ்த்து வைத்தார்.

"இது எதுக்குன்னு நெனச்சீங்க?"

"கூரை ஒழுகுதுன்னு."

"கூரை நல்லாத்தான் இருக்கு," என்றார் நிழல். "அக்கா ஆஸ்பத்திரியில இருந்தப்போ நான்தானே மேடை ஏறினேன். ஒவ்வொரு தடவையும் இதுல வாந்தி எடுத்துட்டுத்தான் ஏறினேன்."